பம்புசெட்டுக் கொட்டகையில் ராட்செட்டு சத்தம்

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பட்டறையில ராட்செட்டு ஸ்பானர் கிர்கிர்ருன்னு சத்தம் போட்டா எனக்குக் கால் தானா நின்னுடும். டீசலும் ஈரச்சேறும் மணக்க, இப்ப வீட்டுமனையாப் போயிட்ட எங்க ஊர் மிராசுதாரோட பம்புசெட்டுக் கொட்டகைக்குள்ள மனசால நிப்பேன். அங்க எங்கப்பாதான் இன்ஜின்காரர். அந்த ஸ்பானர் தலையில உள்ள குட்டி நெம்பை ஒரு பக்கம் தள்ளினா இறுக்கும், மறுபக்கம் தள்ளினா கழட்டும், ஆனா கை போயி வர்றதும் சத்தமும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

கூலி உயர்வு கேட்டு எங்க தெரு நடவுக்குப் போகாத வருஷம், மிராசுதார் வெளியூர் ஆளுங்களை இறக்கிட்டு, அப்பாவைத் தண்ணி இறைக்கச் சொன்னார். மிராசுதாரோட காரியஸ்தர் பக்கத்துலயே நிக்க, அப்பா குழாய் போல்ட்டுல ஸ்பானரை மாட்டிக் கட்டைவிரலால நெம்பை மறுபக்கம் தள்ளினதை நான் மட்டும் பார்த்தேன். இன்ஜின் ஓடுச்சு, ஆனா குழாய்ல காத்துப் புகுந்து சொட்டுத் தண்ணி ஏறலை.

"ஏ குட்டி, உங்கப்பன் இறுக்கினானா, கழட்டினானா?"ன்னார் காரியஸ்தர்.

"எங்கப்பா இறுக்கினாருங்க."

வெளியூர் ஆளுங்க காய்ஞ்ச வயலைப் பார்த்துட்டுச் சாயந்திரமே திரும்பிட்டாங்க. வாய்க்கால் கரையில வீட்டுக்கு நடந்தப்ப அப்பா, எட்டு வயசுப் பொண்ணு, காலு அவர் இடுப்பு வரைக்கும் தொங்கும்னு பார்க்காம, என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டார்.