வலம் சுற்றிய பூமி

சிம்பாங் பூலாய் சந்திப்பில் டுரியான் லாரி கவிழ்ந்து, நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பழம் பொறுக்கினேனே, அந்த வாரம்தான். எந்த வருடம் என்று கேட்காதீர்கள், பழத்தின் ருசிதான் நினைவிருக்கிறது. ஜெலாப்பாங்கில் பேத்தி படிக்கும் பள்ளியில் அறிவியல் பாடத்தை ஆடிப்பாடிச் செய்துகாட்டுகிறார்கள் என்று என்னையும் கூட்டிப்போனார்கள்.

நடுவில் காகிதச் சூரியன் கட்டிய பையன். சுற்றிலும் கோள்களாகப் பிள்ளைகள். மேளம் தொடங்கியதும் கோயிலைச் சுற்றுவதற்கு நேர் எதிராக, இடப்பக்கமாகச் சுற்றினார்கள். நான் எழுந்து கத்திவிட்டேன்.

"அடோய், வலமா சுத்துங்க! சூரியனோட அம்மா வந்துரப்போவுது!"

"தாத்தா, உக்காருங்க லா. மானம் போவுது," என்றாள் பேத்தி, பூமியாக நின்றபடியே.

உட்கார்ந்தேன். பசை வாடை அடித்தது. நான் சின்னப் பிள்ளையாய்ப் படித்த ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் பசைக்கு எங்கே போவது? மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தில் மிஞ்சிய ரப்பர் பாலில்தான் சூரியனை ஒட்டினோம். வெயில் ஏற ஏற எங்கள் சூரியன் நாறும்.

எனக்கும் பூமி வேடம்தான். மூன்றாம் வகுப்போடு நின்ற என் படிப்பில் வாத்தியார் என்னை நம்பிக் கொடுத்தது அது ஒன்றுதான். அறிவைப் பார்த்துக் கொடுக்கவில்லை, தொப்பையைப் பார்த்துக் கொடுத்தார். நானோ லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

ஒத்திகையில் எல்லோரும் வலமாகவே சுற்றினோம். கால்களுக்கு முனியாண்டி கோயில்தான் தெரியும். "இடமா சுத்துங்கடா, வானத்துல அப்படித்தான்," என்றார் வாத்தியார். சுற்றினோம். தப்பு மேளம் அடித்தார்கள். நடுவில் மஞ்சள் துணியில் அசையாமல் நின்றான் மாரி. பால் வாளியோடு அந்தப் பக்கம் வந்த அவன் அம்மா பாப்பாத்தியக்கா பார்த்துவிட்டார். தப்பு, இடச்சுற்று, நடுவில் பிள்ளை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"உயிரோட இருக்கற புள்ளைக்கு எழவு சுத்துறீங்களா? வாடா வீட்டுக்கு!"

சூரியனைக் காதைப் பிடித்து இழுத்துப்போனார். சூரியன் இல்லாமல் பூமி எங்கே போவது? நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

சனிக் கோளாக நின்ற லெட்சுமிதான் வாத்தியாரின் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுழற்றினாள். "சார், இந்தப் பக்கம் பாத்தா இடமா ஓடுது. அந்தப் பக்கம் போய்ப் பாத்தா வலமா ஓடுது. நாம வானத்தக் கீழேருந்து பாக்குறோம்னு வச்சுக்குவோமே?"

வாத்தியார் இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே பாப்பாத்தியக்கா வீட்டுக்கு நடந்தார்.

"வலமான்னா சரி. தேங்கா ஒடச்சிட்டு ஆடுங்க," என்றாராம் அக்கா.

ஆடினோம். தப்பின் அடிக்கு ஒருவர் காலை ஒருவர் பார்த்துப் போட்ட அந்த ஆட்டத்தில்தான் இரவும் பகலும் எனக்குப் புரிந்தது. பூமி தன்னையும் சுற்ற வேண்டுமாம். சுற்றினேன். மூன்றாம் சுற்றில் தலை கிறுகிறுத்து, சனியின் பாவாடையில் வாந்தி எடுத்தேன். "சனி புடிச்ச பூமி!" என்று மாரி சொன்ன பெயர் லயத்தில் கடைசிவரை நிலைத்தது.

இப்போது அந்தத் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. பள்ளி இல்லை, முனியாண்டி கோயிலும் இல்லை, மாரியும் இல்லை. லெட்சுமி மட்டும் தஞ்சோங் மாலிமில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்தப் பக்கம் போனால் அவளிடம் ஒன்று சொல்லுங்கள்: பிள்ளைகள் இப்போது இடமாகவே சுற்றுகிறார்கள், எந்த அம்மாவும் வந்து கத்தவில்லை. அவள் சொன்ன மாதிரி கீழேயிருந்து பார்க்க இங்கே நான் ஒருவன்தான் மிச்சம்.