அடுப்படியில் முணுமுணுத்தது

என் மருமகள் தருமபுரியில் எங்கள் வீட்டு முன்னறையில் கீபோர்டு கற்றுக்கொடுக்கிறாள். வெளிநாட்டில் பழைய காலத்தில் இருந்த முறையாம். இடது கைக்கு, அடியில் போகிற ஒரு வரியை மட்டும் எழுதித் தருவாள். அதற்கு மேலே வலது கை வாசிக்கிற மெட்டை அந்தந்தப் பிள்ளையே சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆள் வந்தால் அடுப்படியை விட்டு வரமாட்டேன். வெங்காயம் உரித்தபடி அந்த அடிவரியைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் முதலில் வாசித்தாள்.

"அட, நீயா யோசிச்சியா?"

"ஆமாங்க மிஸ்." குரலில் அத்தனை சந்தோஷம்.

அடுத்தவள் வாசித்ததும் அதே மெட்டு. மூன்றாமவளும் அதையே வாசித்தாள். வெங்காயம் உரித்த என் கை நின்றுவிட்டது. தினமும் புளி கரைக்கும்போது என் வாயில் ஓடுவது அது. அடிவரியைக் கேட்டுக் கேட்டு அதுபாட்டுக்கு வந்திருக்கிறது.

"யாரு யாரப் பாத்து அடிச்சீங்க?" மருமகள் சத்தம் போட்டாள். இரண்டாமவள் பாலக்கோட்டுப் பெண்ணைக் காட்டினாள்.

"இவதான் மிஸ். போன வாரம் கிளாஸ் முடிஞ்சு நாங்க வாசிச்சுப் பாக்கறப்ப, பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு சொல்லிக்கிட்டே வாசல்ல நின்னு ஒட்டுக் கேட்டா. காது மட்டும் பஸ் ஏறல."

மூன்றாமவள் சிரித்தாள். பாலக்கோட்டுப் பெண் அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறக்கவில்லை. முணுமுணுக்கத் தெரிந்த வாய்தான்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அது என் வாயில் ஓடுகிற மெட்டு என்று மருமகளிடம் சொன்னேன்.

"ஐயோ அத்தை, நீங்களா? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

போன் செய்து கூப்பிட்டாள். பிள்ளை வந்தது. நான் முன்னறைக்குப் போனேன்.

"நீ யாரயும் பாத்து அடிக்கல கண்ணு. நான் அடுப்படியில முனகறது உங்க மூணு பேரு காதுலயும் வுழுந்திருக்குது. தப்பு என்மேலதான்."

அவள் முகம் தெளியும் என்றுதான் நினைத்தேன். என்னையே பார்த்தாள்.

"அப்ப அது என்னோடது இல்லீங்களா, ஆயா?"

மருமகள் புதிதாக ஒரு அடிவரி எழுதி முன்னால் வைத்தாள். நான் அடுப்படிக்குத் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிள்ளையின் இடது கை வாசித்தது. திரும்பவும் வாசித்தது. கதவிடுக்கில் பார்த்தேன். வலது கை மடியிலேயே கிடந்தது.