கைதட்டுக்குச் சொன்ன ஒப்பாரி

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். கணவர் கடலில் பட்ட பாடு ஒரு பக்கம், பேசாலைக் கரையில் மீன் வெட்டி உப்பிட்டுக் காயவைத்த என் கைகள் ஒரு பக்கம். எவர் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஒப்பாரி சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தக் காலத்தில் நான் வராமல் ஒரு சவப்பெட்டியும் மூட மாட்டார்கள்.

சண்டை நின்றிருந்த வருடங்களில் அமெரிக்காவிலிருந்து நான்கு இளம் பிள்ளைகள் வந்து எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஒரு பின்னேரம் வாசித்தார்கள். அவர்கள் வாசித்தது அயர்லாந்துக்காரரின் பழைய பாட்டு. பூட்டன் காலத்தில் அங்கிருந்து கப்பலேறிய குடும்பங்களாம். இவர்களில் ஒருவரும் அந்த நாட்டில் பிறக்கவில்லை. ஒருத்தியிடம் வயலின், ஒருத்தியிடம் புல்லாங்குழல். ஒருவன் கைக்குள் விரிந்து சுருங்கும் பெட்டி வைத்திருந்தான். மற்றவன் முஸ்லிம் ஆட்களின் றபான் மேளத்தைப் போன்ற ஒன்றைக் குட்டைக் கோலால் அடித்தான். எங்கள் சனம் காலால் தாளம் போட்டது.

பிறகு வயலின்காரி மெதுவாக ஒன்று வாசித்தாள். செத்தவர்களுக்காக அந்த நாட்டுப் பெண்கள் அழுத மெட்டு என்று பங்குச் சுவாமி எங்களுக்குச் சொன்னார்.

"உங்களிட்டயும் அப்படி இருக்கோ எண்டு கேக்கினம். ஆர் சொல்லுறியள்?"

நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பு என் கடைசி மகன் விடியத் தொழிலுக்குப் போனான். தோணி தனியே மிதந்து வந்தது. வலை நனையவே இல்லை. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு நாங்கள் ஒப்பாரி சொல்வதில்லை. சொன்னால், செத்தான் என்று நாங்களே முடித்ததாகும். அவனுக்குப் பிறகு நான் எந்தச் செத்த வீட்டிலும் ஒப்பாரி சொன்னதில்லை. மருமகள் தாலியோடு காத்திருந்தாள். கணவர் ஒவ்வொரு பின்னேரமும் கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார்.

பின்வாங்கில் இருந்த ஒருவன் சொன்னான்: "சுவாமி, தெற்குத் தெரு மாமியைக் கேளுங்கோ. இவவின்ர தொண்டை துருப்பிடிச்சுப் போச்சு."

சிரித்தார்கள். நான் விட்ட பிறகு செத்த வீடுகளில் ஒப்பாரி சொல்லி வந்த அந்தத் தெற்குத் தெருக்காரி சீலையைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

"நீ இரு. நான் சொல்லுறன்" என்றேன்.

தாய்க்குச் சொல்லும் பழைய ஒப்பாரியைத்தான் எடுத்தேன். நாலு அடி போனதும் வயலின்காரி என் குரலுக்குக் கீழே சேர்ந்துகொண்டாள். நான் இழுத்த இடத்தில் இழுத்தாள், விம்மிய இடத்தில் நின்றாள். என் குரலை அப்படி ஒருவரும் தாங்கியதில்லை. அந்தச் சுகத்தில் வாய் தன்பாட்டில் போனது.

"தோணி தனிய வந்து நிக்குதடா, என்ர கடைக்குட்டி,
வலை நனையாமல் கிடக்க நீ நனைஞ்சு போனியோ."

முடித்ததும் கைதட்டினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முறை தெரியாது. எங்கள் சனமும் தட்டியது.

மருமகள் ஆறு வயது மகளைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் கேட்டாள்.

"மாமி, அவர் செத்திட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அது தாய்க்குச் சொல்லுற ஒப்பாரி, பிள்ளை."

"கடைக்குட்டி எண்டு சொன்னியள். உங்கட அம்மாவோ உங்களுக்குக் கடைக்குட்டி?"

அடுத்த நாள் பின்னேரம் கணவர் கரைக்குப் போகவில்லை. பிறகு ஒருநாளும் போகவில்லை. மருமகள் சுவாமியிடம் போய், "பெத்த தாயே அழுது முடிச்சிட்டா, நான் இனி ஆருக்குக் காத்திருக்க?" என்று சொல்லிச் செத்தவர் பூசை கேட்டாள். தாலியைக் கழற்றினாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கட்டுக்கரைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனவள், அங்கேயே வேறு கலியாணம் செய்தாள். என் மகனின் முகத்தை மறந்தவள் என்று ஊரெல்லாம் அவளைத் தூற்றினேன்.

ஒரு வருடம் கழித்து அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் அன்றைக்குப் பதிவுசெய்ததைச் சுவாமிக்கு ஒரு சீடியாக அனுப்பினார்கள். என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். என் குரல், கீழே வயலின். நான் முடித்த மூச்சிலேயே அந்தக் கோல் அடிக்கத் தொடங்கி, ஆட்டப் பாட்டு வந்தது. அழுகைக்குப் பின்னால் ஆட்டம் வைப்பது அவர்கள் வழக்கம் என்றார் சுவாமி. நல்ல வழக்கம் என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மருமகள் கூட்டிப்போன அந்தப் பிள்ளைதான் இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். போன கிழமை வந்து, "அப்பம்மா, அண்டைக்கு ஏன் பாடினனீங்கள்?" என்று கேட்டாள். துக்கம் தாங்காமல் பாடினேன் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். பொய். அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் தெற்குத் தெருக்காரியைப் பாட விட எனக்கு மனமில்லை. அவ்வளவுதான். பிள்ளை, உன் தாய் ஒருவரையும் மறக்கவில்லை. அவளைப் போக வைத்தது என் வாய்.

எழுதிவிட்டாயா, பிள்ளை? இனி வாசி. எனக்கு வாசிப்பதுபோல வேண்டாம். உன்னைப் பெற்ற கொம்மாவுக்கு முன்னால் இருந்து வாசிப்பதுபோல வாசி.