தெருவுக்கே ஒரு எண்

யார் எங்கே போன் எண் கேட்டாலும் அந்தத் தெருக்காரர்கள் யோசிக்காமல் கொடுத்தது சலூன்காரரின் எண்ணைத்தான். ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது. டைல்ஸ் கடைக்காரருக்கு விளம்பர அழைப்பு என்றாலே எரிச்சல். மாடிவீட்டு டீச்சரின் போன் எந்நேரமும் பிள்ளைகள் கையில். லாரி ஓட்டுபவர் அடிக்கடி சிம்மை மாற்றுவார். சலூன்காரரோ கடையை விட்டு நகர மாட்டார், எண்ணை மாற்ற மாட்டார், போனை அணைக்கவும் மாட்டார். அப்புறம் என்ன? பார்சல், பள்ளிக்கூடம், பல் டாக்டர், வங்கி என்று ஊர்ப்பட்ட செய்திகளும் அவருடைய கண்ணாடிக்குக் கீழே, சீப்புகளுக்கு நடுவில் கிடந்த போனில் வந்து இறங்கின.

அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்னதை வாசல்படி தாண்ட விடாத மனிதர். யாருக்காவது செய்தி வந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். வந்தவர் கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். தன்னைவிடப் பத்திரமான இடம் வேறு எது என்று நினைத்திருந்தார். நம்பிக்கையான ஆள் வேறு, பத்திரமான இடம் வேறு என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

சோப்பு நுரைக் கையோடு தொட்டுத் தொட்டே அவர் இரண்டு போன்களைக் கெடுத்திருந்தார். மூன்றாவதை வாங்கியபோது அவர் மனைவி உட்கார்ந்து எதையோ தட்டி, வருகிற செய்தியைப் போனே வாய்விட்டுப் படிக்கும்படி செய்துவிட்டார். முதலில் அனுப்பியவர் பெயர், பிறகு விஷயம், கணீரென்ற பெண் குரலில். வாடிக்கையாளர்களுக்கு ஒரே குஷி. போன் வாய் திறக்கும்போதெல்லாம், சின்ன வீடு பேசுகிறது என்று அவரைச் சீண்டினார்கள்.

ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது, டைல்ஸ் கடைக்காரரின் மேல்வரிசைப் பல் செட் தயார் என்று அந்தக் குரல் அறிவித்தது. அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. அதற்குப் பிறகு தாடியை அடுத்த தெரு சலூனில் எடுக்க ஆரம்பித்தார். ஒரு விளையாட்டுக்கு இப்படிக் கோபித்துக்கொள்ளலாமா என்று சலூன்காரர் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அவருடைய அண்ணன் மகள் வந்து காதோரம் ஒரு விஷயம் சொன்னாள். மருந்துப் படிப்பு முடித்துவிட்டு எதிர்வரிசை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள். பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். கையில் இருப்பது முதலாளி கொடுத்த போன், சாயங்காலம் அதைக் கடை மேசையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அதனால் விண்ணப்பத்தில் சித்தப்பா எண்ணைப் போட்டிருந்தாள். முதலாளிக்கு முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார், இதற்கு முன் இருந்த பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. "உத்தரவு கைக்கு வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது சித்தப்பா," என்றாள். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா என்று அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். போனின் வாயை இருவருமே மறந்துபோனார்கள்.

சனிக்கிழமை காலை. மருந்துக்கடை முதலாளி முகம் முழுக்க நுரையோடு மல்லாந்து கிடந்தார். சலூன்காரரின் கத்தி அவர் தாடைக்குக் கீழே இருந்தது.

"மருத்துவமனை, பணியாளர் பிரிவு," என்று ஆரம்பித்தது போன். "மருந்தா..."

சலூன்காரர் யோசிக்கவே இல்லை. கத்தியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்து, துண்டு நனைக்கிற வெந்நீர்க் குவளைக்குள் அமுக்கிவிட்டார். தண்ணீருக்குள் அது இன்னும் இரண்டு வார்த்தை குமுறிவிட்டு அடங்கியது.

முதலாளி ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன தலைவரே, ஆஸ்பத்திரியா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான் சார். வயிறு."

சொல்லிவிட்டார், வசமாக மாட்டிக்கொண்டார். முதலாளிக்கு மருந்து கொடுப்பதென்றால் பசி தூக்கம் தெரியாது. மதியமே அண்ணன் மகள் கையில் ஒரு டானிக் பாட்டில் வந்து சேர்ந்தது, வேளைக்கு இரண்டு மூடி என்ற உத்தரவோடு. சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தவள், குவளைக்குள் கிடந்த போனைப் பார்த்ததும் முகம் வாடிப்போனாள். செய்தியில் என்ன இருந்ததோ, எந்தத் தேதியோ.

அந்த சிம்மை மனைவியின் போனில் போட்டுப் பார்த்தார்கள். ஒருமுறை வந்த செய்தி மறுபடி வருமா? கடைசியில் அண்ணன் மகள் மருத்துவமனைக்கே பேசினாள். எண்ணைச் சொன்னதும் எதிர்முனையில் இருந்தவர், இந்த எண்ணில் நாலைந்து பேர் இருக்கிறார்களே, லாரி டிரைவரின் குடலிறக்க ஆபரேஷனா, தூக்க மாத்திரைச் சீட்டா, நீங்கள் இதில் யார் என்று கேட்டார். வேலைக்கு விண்ணப்பித்தவள் என்று சொல்லி, புதன்கிழமை நேர்முகத் தேர்வு என்பதை வாங்கிக்கொண்டு போனை வைத்தாள்.

வைத்ததும் சிரிக்கவில்லை. "உங்க எண்ணைச் சொன்னா போதும் சித்தப்பா, நம்ம தெருவுல யாரு வேணா யாரா வேணா ஆகிடலாம். லாரிக்காரருக்கு ஆபரேஷன்னு நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?"

சலூன்காரர் அன்றே கடையைப் பாதியில் சாத்தினார். அது தெருவே பார்த்திராத அதிசயம். முதலில் டைல்ஸ் கடைக்குப் போய், தன் போன் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு வீடு வீடாகப் போய், அவரவர் எண்ணை அவரவர் வைத்துக்கொள்ளச் சொன்னார். மருத்துவமனையில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று மாற்றி முடிப்பதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளியது. உங்கள்மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதே என்று டீச்சர் மன்றாடிப் பார்த்தார். "என்னை நம்புங்க டீச்சர், என் போனை நம்பாதீங்க," என்றார் அவர். அண்ணன் மகளும் சொந்தமாக ஒரு போன் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை முதலாளி இரண்டாவது பாட்டிலோடு வந்தார். குடித்தால்தான் உட்காருவேன் என்று நின்றார். நேர்முகத் தேர்வு முடிந்திருந்தது, உத்தரவு இன்னும் வரவில்லை. சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூடி இறக்கினார். வேப்பெண்ணெயே தேவலை. எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு, தேவாமிர்தம் என்று சொன்னதுதான் தப்பு. முதலாளி இன்னொரு மூடி ஊற்றினார்.

உத்தரவு அந்த வாரமே வந்தது, அவளுடைய போனுக்கே. அவளே முதலாளி முன்னால் நின்று சொன்னாள். அவர், மாதம் முடியும்வரை இருந்து புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்றார். பிறகு நேராகச் சலூனுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ உங்க வயித்துக்கு ஒண்ணுமே இல்ல?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கய்யா அந்தக் கண்றாவியக் குடிச்சீங்க? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அது என் சேதியா இருந்தா சொல்லியிருப்பேன் சார்."

முதலாளி கண்ணாடியில் அவரையே பார்த்தார். அப்புறம் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டிக் காட்டினார்.