நோன்புக் கஞ்சி போட்ட போர்வை

நான் ஒன்றைப் பிடித்தால் விடாத ஆள். என் வீட்டுக்காரர் இப்போது அதை ஒரு குறையாகச் சொல்கிறார். பத்து வயதில் எனக்கு அது பெருமை. அந்தப் பெருமையில் ஒரு நோன்பு மாதம் முழுவதும் எங்கள் ஊரான ஓட்டமாவடியில் வீட்டை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்த முறை நோன்புக்கு வந்தவர், பெருநாள் கழித்து ஐந்தாம் நாள் திரும்பிப்போக டிக்கட் போட்டிருந்தார். உம்மா வீட்டிலேயே மெஷின் வைத்து ஊராருக்கு உடுப்புத் தைப்பவர். சட்டை, சல்வார், அபாயா என்று வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு உரப்பை நிறையக் கிடந்தன. அவற்றை மூட்டி வாப்பாவுக்கு ஒரு போர்வை தைப்பதென்று நான் முடிவு கட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எங்களோடு இருந்த சாச்சியின் ஃபோனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டித் தைக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். அவள் பேசியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கை செய்தது விளங்கியது.

"இத நீங்க முடிச்சித் தராம நான் பிளேன் ஏறமாட்டன் மகள்" என்றார் வாப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவளால் எங்கே முடியப்போகிறது என்றுதான் சிரிக்கிறார் என்று எனக்குப் பட்டது. வந்ததே ஒரு ரோசம்! உம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமல் வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஒன்பது துண்டுகளை மூட்டிப் பாயில் விரித்தேன். ஓரமெல்லாம் நெளிந்து, நடுவில் மேடு தட்டி, பொரித்த அப்பளம் மாதிரி கிடந்தது. கோணாமல் தைத்தும் ஏன் இப்படி என்று மறுபடி வீடியோவைப் பார்த்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு மூட்டும் தைத்த கையோடு அயன் பண்ணுகிறாள். அந்த இடம் வரும்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறதென்று நான் விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்!

இந்த முறை தள்ளாமல் பார்த்தேன். மூட்டைப் பிரிக்காமல் அப்படியே ஒருமுறை அழுத்த வேண்டும். பிறகு திறந்து, உள்ளே நிற்கும் ஓரத்தைக் கறுத்த துணியின் பக்கம் சாய்த்து அழுத்த வேண்டும். இழுக்கக் கூடாது; இழுத்தால் துணி நீண்டுவிடும். தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அடுத்த வரியில் ஓரத்தை மறுபக்கம் சாய்த்தால் இரண்டு வரியும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கரன்ட் அயனை நான் தொடக் கூடாது, ஷொக் அடிக்குமாம். சிரட்டைக் கரி போடும் பழைய அயன் பெட்டியைத் தொடலாம், அதில் இருப்பது வெறும் நெருப்புத்தானே! உம்மாவின் சட்டம் அப்படி.

இன்னொன்றும் இருந்தது. வீடியோவில் அவள் ஒரு டின்னிலிருந்து எதையோ பீச்சினாள், துணி கடதாசி போல விறைத்தது. அது கஞ்சிதான் என்றார் உம்மா. சோறு வடித்த கஞ்சி போட்டாலே போதுமாம். நோன்புக் காலத்தில் பகலில் ஏது சோறு? பின்னிரவுச் சஹர் சாப்பாட்டுக்கு வடித்த கஞ்சியோ விடியுமுன்பே பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போய்விடும். எனக்குப் பொறுமை இல்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இருந்து வாளியில் வந்த நோன்புக் கஞ்சி குசினியில் இருந்தது. அதுவும் அரிசிதானே. தேங்காய்ப்பாலும் இறைச்சியும் ரம்பை இலையும் கிடந்தால் என்ன, வடித்துவிட்டால் போயிற்று. உம்மா வைத்திருந்த லைனிங் துணியில் வடித்து, மூட்டியதும் மூட்டாததுமாக எல்லாத் துண்டுகளையும் முக்கிக் கொடியில் போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அயன் பெட்டியை வைத்தேன். துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வந்த வாசம் இருக்கிறதே, நோன்போடு படுத்திருந்த வீடே எழும்பிவிட்டது. "ஆருடி இது, நோன்போட கறி ஆக்குறது?" என்று சாச்சி ஓடிவந்தார். துண்டெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் எறும்பு வரிசை. வாப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

லைனிங் துணி பாழானதற்கே எனக்கு அடி விழ வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உம்மா அடிக்கவில்லை, ஏசக்கூட இல்லை. எல்லாவற்றையும் சவர்க்காரத்தில் ஊறப்போட்டுவிட்டு, "ஆறுதலாத் தைங்க மகள், என்ன அவசரம்" என்றார்.

என்ன அவசரமா? நான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், இவர் அவசரமில்லை என்கிறார்! கழுவிக் காயவே இரண்டு நாள் போயிற்று. அதன்பிறகு சஹர் கஞ்சியை ஆட்டுக்கு முந்தி நான் பிடித்துவைத்தேன்.

இதோடு உம்மா விட்டிருந்தால் பரவாயில்லை. என் தையலைத் திரும்பியும் பார்க்காமல் இருந்தவர், நான் ஒரு வரியை முடித்தால் உடனே கையில் எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். எடுத்தால் பிளேடால் பிரித்துவிடுவார். "கோணல்" என்பார். அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், கோணலே இல்லை. ஒரு மூட்டை அழுத்தினால் அது நன்றாக ஆறிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டமும் போட்டார். வீடியோக்காரி அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஒரே நாளில் நாலு சட்டை தைத்து ஊராருக்குக் கொடுக்கிற மனுஷி இவர்! உம்மாவுக்கு என்னில் பொறாமை என்று சாச்சியிடம் கோள் சொன்னேன். வழக்கமாக எதற்கும் சிரிக்கிற சாச்சி அதற்குச் சிரிக்கவில்லை.

நான் விடுவேனா? உம்மா பிரித்ததை எல்லாம் திரும்ப மூட்டினேன். பெருநாளன்று புதுச் சட்டையோடு மெஷினில் இருந்தேன். மச்சிமார் விளையாடக் கூப்பிட்டும் போகவில்லை. புறங்கையில் இரண்டு இடம் அயன் பெட்டி சுட்டது, யாருக்கும் காட்டவில்லை. உம்மா குளிக்கப் போகும் நேரம் பார்த்துத் தைத்து, அவர் வருவதற்குள் அழுத்தி, பிரிக்க முடியாதபடி அடுத்த வரியோடு சேர்த்துவிட்டேன். மேலே துண்டுகள், நடுவில் பழைய கம்பளி, அடியில் உம்மாவின் பழைய சாரி. ஐந்தாம் நாள் காலை கடைசி ஓரத்தையும் மடித்து அழுத்தி முடித்தேன். ஒரு சுருக்கம் இல்லை. நாலு மூலையும் கத்தி போல நின்றன.

கொழும்புக்குப் போகும் வான் வாசலில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. போர்வையைக் கொண்டுபோய் வாப்பாவிடம் நீட்டினேன். விரித்து, மூட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், முடிச்சிட்டீங்களே மகள்" என்றார். போர்வையில் ஒருமுறை முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் வேலையைக் கண்ட சந்தோஷம் என்று நான் குளிர்ந்துபோனேன்.

அப்போதுதான் உம்மா போர்வையின் ஒரு முனையைப் பிடித்தார். "இந்த மூல பிரிஞ்சி கிடக்கு. கரி இன்னும் சூடாத்தான் இரிக்கு. வான அஞ்சி நிமிஷம் நிக்கச் சொல்லுங்க, ஒருக்கா அழுத்தி மினுக்கித் தாறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி நேரத்திலுமா! "ஒண்டும் பிரியல்ல, எல்லாம் முடிஞ்சி!" என்று கத்தினேன். உம்மாவின் கையிலிருந்து போர்வையைப் பறித்து, நாலாக மடித்து, வாப்பாவின் பையில் திணித்து, ஸிப்பை நானே இழுத்து மூடினேன். வாப்பா என்னை ஒருமுறை பார்த்தார், உம்மாவை ஒருமுறை பார்த்தார், பையைத் தூக்கிக்கொண்டு வானில் ஏறினார்.

வென்றது நான்தான். வான் தெருமுனையில் திரும்பிய பிறகும் உம்மா போர்வையைப் பிடித்திருந்த கையைக் கீழே போடாமல் நின்றார், என் தையலில் இன்னும் குறை பிடிக்கத்தான் நிற்கிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். அவர் கேட்டது வாப்பாவோடு இன்னும் ஐந்து நிமிடம்தான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.