இத்தாலியைத் தேடிய சாலிமோன்ஸ்கி

என் மாமனார் ஹியரோனிம் சாலிமோன்ஸ்கி ஆயுள் முழுக்கப் பால் லாரி ஓட்டியவர். கிழக்குப் போலந்தில் சொகூல்கா பக்கத்துப் பண்ணைகளில் பால் எடுத்து ஆலையில் கொண்டுபோய் இறக்குவார். பண்ணையில் பெண் யாராவது எதிரே வந்தால், அவள் சாணி அள்ளிக்கொண்டிருந்தாலும் சரி, தொப்பியைக் கழற்றிக் குனிந்து புறங்கையில் முத்தமிட்ட பிறகுதான் பால் குழாயைத் தொடுவார். பிரபு வம்சம். நிலமெல்லாம் முன்னோர் காலத்திலேயே கைவிட்டுப் போயிருந்தது. மரத்தில் செதுக்கிய குலச்சின்னம் மட்டும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே தொங்கியது.

அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் இத்தாலி என்பார். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியிலிருந்து ராணி போனா கல்யாணமாகிப் போலந்து வந்தபோது கூடவே வந்த தளபதி சாலிமோனியின் வழி. அதனால் அவர் வீட்டில் ஞாயிறு மதியம் உருளைக்கிழங்கு கிடையாது, மக்ரோனிதான். யாரிடமாவது கத்திவிட்டால், "நான் என்ன செய்ய, இத்தாலி ரத்தம்" என்று கையை விரிப்பார்.

நான் குடியானவன் பிள்ளை. பெயர் மியெத்தெக் கபுஸ்தா. கபுஸ்தா என்றால் முட்டைக்கோஸ். அவருடைய ஒரே மகள் அல்டோனாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐநூறு வருஷப் பேரு. கடைசியில முட்டைக்கோஸ்ல வந்து முடியணுமா?"

"உடம்புக்கு நல்லதுதானே மாமா" என்றேன். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

மாமியார் இறந்த பிறகு அவர் ஒடுங்கிப்போனார். மக்ரோனி சமைப்பது நின்றது. ஒருநாள் சூப்பைக் கிண்டியபடியே, "என்னோட இந்தப் பேரு முடிஞ்சுது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அல்டோனாவை அறுத்தது.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அப்பாவுடைய எழுபத்தைந்தாவது வயதில் வரும் பெயர்நாளுக்குள், அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்குள், அந்தத் தளபதியைக் கண்டுபிடித்து, அவன் பிறந்த ஊருக்கே அப்பாவைக் கூட்டிப்போவது என்று முடிவெடுத்தாள். விடுமுறை நாளெல்லாம் ஆவணக் காப்பகத்திலும் பழைய தேவாலயங்களிலும் கழிந்தது. மகனிலிருந்து தகப்பன், தகப்பனிலிருந்து அவன் தகப்பன் என்று ஏறிக்கொண்டே போனாள். இத்தாலி வரவில்லை. ஏற ஏற எல்லாரும் எங்கள் ஊரை நோக்கியே நெருங்கி வந்தார்கள்.

கடைசியில் தேடல், எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரத் தூரத்திலிருக்கும் தாத்தார் கிராமத்துக்குப் போய் நின்றது. குதிரைப்படையில் சண்டையிட்டதற்காக அரசர் நிலமும் பிரபுப் பட்டமும் கொடுத்துக் குடியமர்த்திய முஸ்லிம்கள் அவர்கள். அங்கிருந்த சாலிம் என்பவரின் மகன் யாக்குப், கத்தோலிக்கப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியிருந்தான். அவன்தான் முதல் சாலிமோன்ஸ்கி.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்றேன். "மனுஷர்கிட்ட மிச்சமிருக்கிறதே அந்த இத்தாலிதான்."

"பொய்யைக் கையில கொடுத்துட்டு, கேக் வெட்டச் சொல்றதா?"

பெயர்நாளன்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டாள். அவர் கடைசிவரை கேட்டார். வாயைத் துடைத்துக்கொண்டார். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரம் முழுக்க மகளோடு பேச்சில்லை. அவள் அடுப்படியில் என் சட்டையில் முகம் புதைத்து அழுதாள்.

பிறகு ஒருநாள் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில், கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ளே, அங்க இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க மாமா?"

"அந்த... சாலிமோட ஆளுங்க."

"சாலிமோவிச்னு நிறைய பேர் இருக்காங்களாம். அல்டோனா ஒரு அம்மாகிட்ட போன்ல பேசினா. சின்னப் பசங்ககூட இருக்காங்கன்னு சொன்னாங்க."

"வண்டியைத் திருப்பு" என்றார்.

"இப்பவா? அல்டோனா இல்லாமலா?"

"அவளையும் ஏத்திக்கோ. அவகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும். உன் முன்னாடி கேட்டா உனக்கு இளக்காரமாப் போயிடும், அதனால நீ வண்டியில இரு."

மருந்துக்கடை வாசலில் அவர் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அல்டோனா வழியிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்ட அந்த அம்மாள் பெயர் ஸுலெய்கா சாலிமோவிச். அறுபதைத் தொட்ட, வாய்த்துடுக்கான பெண்மணி. ஏப்ரனோடு வாசலுக்கு வந்தவளின் மாவு அப்பிய கையை எடுத்து மாமனார் முத்தமிட்டார். மீசையில் மாவு ஒட்டிக்கொண்டது.

"இத்தாலிக்காரர்னு சொன்னாங்களே, நீங்கதானா?"

"போன மாசம் வரைக்கும்" என்றார்.

அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "உள்ள வாங்கண்ணே. ஆறிடப்போகுது."

மெல்லிய மாவை அடுக்கடுக்காக விரித்து, நடுவில் இறைச்சி வைத்து, நத்தை ஓடுபோலச் சுருட்டிச் சுட்ட பணியாரம். மாமனார் இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஸுலெய்காவின் தம்பி அலி வந்தான், அவன் மனைவி வந்தாள், பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் அவர் மூக்கைப் பார்த்தார்கள். பிறகு அலியின் மூக்கைப் பார்த்தார்கள். ஒரே மூக்கு.

மாலையில் பைன் காட்டுக்குள்ளிருக்கும் கல்லறைமேட்டுக்குப் போனோம். பாசி மூடிய கற்களில் பிறைச் சின்னம். ஒன்றில் சாலிமோவிச் என்ற பெயர் தெளிவாகவே தெரிந்தது. மாமனார் பழக்கதோஷத்தில் சிலுவைக் குறி போடக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி ஸுலெய்காவைப் பார்த்தார்.

"போடுங்கண்ணே. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதானே நீங்க கும்பிட முடியும்?"

போட்டார். பிறகு அந்தக் கல்லைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "உங்க பையன் யாக்குபைக் கூட்டிட்டுப் போனது எங்க பொண்ணுதான். கோவிச்சுக்காதீங்க."

ஸுலெய்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தத் தாய் அழுதிருப்பா. ஆனா இவ்வளவு கைமுத்தம் கொடுக்கிற பிள்ளை வந்திருக்குன்னா மன்னிச்சிருப்பா."

திரும்பும் வழியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இத்தாலிக் கதையை யார் கட்டிவிட்டது?

"யாக்குபோட பேரனா இருக்கலாம்ப்பா. தெரியல. தாத்தார்னு சுத்தியிருந்தவங்க கேலி பண்ணியிருப்பாங்க" என்றாள் அல்டோனா.

"பாவம். எவ்வளவு தூரம் போய் ஒளிஞ்சுக்கிட்டான்" என்றார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் முன்மாலை விருந்துக்கு அவர்களை அழைத்தார். அன்று எங்கள் வீடுகளில் இறைச்சி சமைப்பதில்லை என்பதால் பன்றிக் கவலையும் இல்லை. பீட்ரூட் சூப், கெண்டை மீன், காளான் வைத்த கொழுக்கட்டை. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் பிட்டுப் பகிர்கிற தேவாலய அப்பத்தை ஸுலெய்காவிடம் நீட்டத் தயங்கினார். அவளே தன் பையிலிருந்து வீட்டு ரொட்டியை எடுத்துப் பிட்டு, பாதியை அவருக்குக் கொடுத்தாள்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் தொலைபேசியில் சண்டை போடுகிறார்கள். அந்தச் சுருட்டுப் பணியாரத்துக்கு மாவை எவ்வளவு மெல்லியதாக விரிப்பது என்பதுதான் விவகாரம். போன வாரம் சமையலறைக் கூரைவரை மாவு பறந்திருந்தது. மாமனார் உருட்டுக்கட்டையோடு நின்று, தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு கத்தினார்.

"கிழியுதும்மா! நீ சொன்ன மாதிரிதான் செய்றேன், கிழியுது!"