ரவுட்டர் பேச்சை ஒட்டுக்கேட்ட நாட்கள்

இரண்டு பழைய ரவுட்டர்களை வாங்கி வந்து, காரைக்காலில் என் நண்பன் வீட்டு மாடி அறையில் இணைத்து வைத்திருந்தோம். கல்லூரிக் கடைசி வருடம். தகவலை எந்த வழியாக எங்கே அனுப்பலாம் என்று அந்த இரண்டும் தமக்குள் ஓயாமல் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டு, ஒவ்வொரு பாக்கெட்டின், அதாவது தகவல் பொட்டலத்தின், ஹெடரையும் பிரித்துக் காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். யார் அனுப்பியது, என்ன வகை, எத்தனை பைட் நீளம் என்பதெல்லாம் அந்த ஹெடரில்தான் இருக்கும்.

அது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் அவன் துபாய்க்குப் போய்த் தன் வாப்பாவின் கடையில் உட்கார வேண்டும், விசா தயார். "செஞ்சத போன்ல காட்டு, அப்புறம் பேசலாம்" என்று வாப்பா சொல்லியிருந்தார். அவன் போய்விடக் கூடாதே என்று அவனைவிட எனக்குத்தான் பதைப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அறை பிடித்து இருவரும் கம்பெனி தொடங்குவதாக நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

புரோகிராமோ மானத்தை வாங்கியது. நாற்பத்தெட்டு பைட் பாக்கெட்டைப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்றது. நான் கேபிளைத் திட்டினேன், ரவுட்டரைத் திட்டினேன், அதை விற்றவனையும் விடவில்லை. நண்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

"டேய், நீ எந்தப் பக்கத்துலேருந்துடா படிக்கிறே? காலைல மதரஸால அரபிய வலப்பக்கத்துலேருந்து ஓதிட்டு, நேரா ஸ்கூலுக்கு வந்து இடப்பக்கத்துலேருந்து படிச்சவன்டா நானு. இது மாறி நிக்குது."

உண்மைதான். நீளத்தைச் சொல்லும் இரண்டு பைட்டில் பெரிய இடமதிப்பு உள்ளதை முதலில் அனுப்புவது ரவுட்டரின் வழக்கம். சின்னதுதான் முதலில் என்று எடுத்துக்கொள்வது எங்கள் லேப்டாப்பின் வழக்கம். மாற்றிப்போட ஒரு வரி சேர்த்தோம். நாற்பத்தெட்டு வந்தது.

மதியமே வாப்பாவுக்கு வீடியோ கால் போட்டோம். "ரெண்டு பொட்டியும் பேசிக்கிறது இதுல தெரியுது மாமா" என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல தம்பி. ஆனா இவன் மூஞ்சிய பாத்தா தெரியுது. கடைக்கு வேற ஆள் பாத்துக்குறேன்."

அன்று சாயங்காலம் அரசலாற்றுப் பாலத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அப்புறம் இருந்ததில்லை.

அந்தப் புரோகிராமைப் பார்த்துத்தான் பெங்களூரில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள். அங்கிருந்து ஜெர்மனி. நான் இங்கேயே ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாப்பா கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் கூட்டாளி எப்ப வர்றானாம் தம்பி?" என்று கேட்கிறார்.

துபாய்க்கே போயிருந்தால் பெருநாளைக்காவது வந்திருப்பான் என்று வாய்வரை வரும். "வந்துடுவான் மாமா" என்கிறேன்.